ஹெல்மெட் தலையைக் காப்பாத்திடுச்சு... வயித்தைக் கவனிச்சீங்களா?

பைக் ஸ்லிப் ஆகி விழுந்தா, எழுந்ததும் முட்டிச் சிராய்ப்பைப் பார்ப்போம். அடுத்து வண்டிக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்போம். ஹேண்டில்பார் முனை அடிவயித்துல குத்தினது அப்போ பெருசா தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு அங்கே லேசா ஒரு வீக்கம். ‘ரத்தக்கட்டுதான், பத்து போட்டா சரியாகிடும்’ என்பார்கள் வீட்டில்.

எல்லா வீக்கமும் ரத்தக்கட்டு இல்லை. மழுங்கலான ஒரு பொருள் வயிற்றில் வேகமாக மோதும்போது, தோல் ரப்பர் மாதிரி இழுபட்டுத் தப்பித்துவிடும். உள்ளே இருக்கும் தசை கிழிந்துவிடும். அந்த ஓட்டை வழியாகக் குடல் தோலுக்கு அடியில் வந்து நிற்கும். ‘ஹேண்டில்பார் ஹெர்னியா’ என்றே டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கார் விபத்தில் சீட் பெல்ட் அழுத்தியும் வரலாம். (அதுக்காக பெல்ட்டைக் கழட்டிடாதீங்க பாஸ்!) அரிதான பாதிப்புதான். ஆனால், 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். நாட்டிலேயே அதிகம்.

இருமினால் வீக்கம் பெரிதாகிறதா, படுத்தால் அமுங்குகிறதா? சந்தேகப்படலாம். சி.டி ஸ்கேனில் தெரிந்துவிடும். எண்ணெய் போட்டு உருவிவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே குடலும் காயப்பட்டிருக்கலாம். வாந்தி, வயிறு உப்புசம், வீக்கம் கல் மாதிரி ஆவது... இதெல்லாம் வந்தால் உடனே எமர்ஜென்சிதான்.

சிக்கல் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-ல் வந்த மத்திய அரசின் திட்டத்தில் 7 நாள்கள், 1.5 லட்சம் ரூபாய் வரை. உயிரைக் காப்பாற்ற நல்ல திட்டங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால், கடிகாரம் விபத்து நடந்த உடனேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது. மூணாவது வாரம் கண்டுபிடிக்கும் ஹெர்னியாவுக்கு அதில் இடமில்லை. அரசு மருத்துவமனை, காப்பீட்டு அட்டை, இல்லைன்னா சொந்தக் காசு. ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் வெயிட் தூக்கவும் கூடாது. டெலிவரி வேலை பார்க்கிறவருக்கு அத்தனை வாரமும் வருமானம் கட்.

அதனால, விழுந்த அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ‘ஹேண்டில்பார் வயித்துல குத்துச்சு’ன்னு வாய்விட்டுச் சொல்லி, ஏ.ஆர் காப்பியில் எழுத வையுங்க. நாளைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘இது பழைய ஹெர்னியா’ன்னு சொன்னா, காட்ட அந்த ஒரு வரி வேணும்.