மண்ணில் விழ என்ன பைக் வாங்கலாம்?

உலகத்தில் இரண்டு ரக வாலிபர்கள் உண்டு. புது பைக்கின் டாங்கில் ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் சோறு இறங்காதவர்கள் ஒரு ரகம். அதே பைக்கை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஊருக்கு வெளியே கொண்டுபோய், செம்மண்ணில் விழுந்து புரண்டு, தலையெல்லாம் புழுதியாகச் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு வாட்டர் சர்வீஸ் போதும். இந்த வாரம் இரண்டாவது ரகத்துக்கு.

இந்தக் கூட்டம் பெருகி வருவதை எங்கள் ஆபீஸ் கான்டீனிலேயே பார்க்கிறேன். முன்பெல்லாம் டீ நேரத்தில் இன்க்ரிமென்ட், கிரிக்கெட், மானேஜரின் மச்சினன். இப்போது 'சஸ்பென்ஷன் எவ்வளவு?' என்று பேசிக்கொள்கிறார்கள். சஸ்பென்ஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எங்கள் ஹெட்கிளார்க் டபராவைக் கீழே வைத்துவிட்டு, "யாரைப்பா?" என்றார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பட்டன் டயர் போட்ட பைக் எல்லாம் ஒன்றல்ல. மோட்டோகிராஸ் பைக் என்பது மேடும் பள்ளமும் கட்டிய மண் டிராக்கில் தாவுவதற்கென்றே பிறந்தது. ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. ரோட்டில் எடுத்தால் போலீஸ்காரருக்குத் தீபாவளி. எண்டுரோ பைக் காடு, ஆறு, பாறை என்று நாள் பூராவும் போகிறது. மூன்றாவது ரகம், திங்கட்கிழமை ஆபீஸுக்கும் ஞாயிற்றுக்கிழமை மண்ணுக்கும் பொதுவானது. நம்மில் பெரும்பாலோருக்கு விதித்தது இதுதான்.

*

மோட்டோகிராஸ் உலகத்தில் பிராண்டுகள் கட்சிகள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி. ஹோண்டா சிவப்பு, யமஹா நீலம், கவாஸாகி பச்சை, சுஸுகி மஞ்சள், கே.டி.எம். ஆரஞ்சு, ஹஸ்க்வர்னா வெள்ளை. காஸ்காஸ் என்று ஸ்பெயினில் பிறந்த இன்னொரு சிவப்பும் உண்டு. அதையும் ஹஸ்க்வர்னாவையும் கே.டி.எம். கூட்டணியில் சேர்த்துக்கொண்டது. மூன்றின் பிளாஸ்டிக்கையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே கிட்டத்தட்ட ஒரே சரக்கு. (கட்சி உவமை இங்கேயும் பொருந்துகிறது.)

கே.டி.எம். ஆஸ்திரியாவில் மாட்டிக்ஹோஃபென் என்ற சின்ன ஊரின் கம்பெனி. டக்கார் ராலியில் 2001 முதல் 2019 வரை பைக் பிரிவில் தொடர்ந்து பதினெட்டு தடவை ஜெயித்தது. 2020-இல் ரிக்கி பிரபெக் ஹோண்டாவில் வந்துதான் அந்தச் சங்கிலியை அறுத்தார். ஜப்பான்காரர்கள் அலுமினியத்தில் ஃப்ரேம் செய்கிறார்கள். கே.டி.எம். பிடிவாதமாக ஸ்டீலில் செய்கிறது. கிளட்சுக்குக் கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக், முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று. காற்று என்றால் எடை குறைவு. ஆனால் பந்தயத்துக்கு முன் குட்டி பம்ப் வைத்துப் பிரஷர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யமஹா ஸ்பிரிங்கையே நம்புகிறது. ஒரு தடவை செட் பண்ணினால் வைத்தது வைத்தபடி இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டுகிற அமெச்சூருக்கு யமஹாவை சிபாரிசு செய்கிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். சுஸுகியின் ஆர்.எம்.-இஸட், மற்ற எல்லோரும் பட்டன் ஸ்டார்ட்டுக்கு மாறின பிறகும், உதைத்துத்தான் கிளம்பியது. விழுந்து எழுந்து, மூச்சு வாங்க, பின்னால் பத்து பேர் பறந்து வரும்போது உதைக்க வேண்டியிருந்தால் உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை வளரும்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று ஒரு பழைய பங்காளிச் சண்டையும் உண்டு. ஒரு காலத்தில் மோட்டோகிராஸ் முழுக்க டூ ஸ்ட்ரோக்தான். 1997-இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் 400 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஜெயித்ததும் காற்று திசை மாறியது. ஆனாலும் டூ ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம் ஷாஃப்ட் என்று மேலே எதுவும் கிடையாது. பிஸ்டன், ரிங் மாற்றுவது நம்ம ஊர் மெக்கானிக்குக்குக் கை வந்த கலை. 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-ஐ இன்றைக்கும் ஜாதகம் பார்த்து வாங்குகிறார்கள் என்றால் சும்மாவா?

*

இனி விலைக்கு வருவோம். (ஏழைகள் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும்.)

2024 நவம்பரில் கே.டி.எம். தன் 250 சி.சி. மோட்டோகிராஸ் பைக்கை இந்தியாவில் இறக்கியபோது விலை ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியது. எல்லாம் இறக்குமதி. வாங்கின பிறகுதான் உண்மையான செலவே. இந்த ரக பைக்குகளின் வயதைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, மணிக்கணக்கில் சொல்கிறார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு ஆயில் மாற்றம், சில பத்து மணி நேரத்துக்கு ஒரு பிஸ்டன். வக்கீல் ஃபீஸ் மாதிரி.

நம் பக்கத்துக் கணக்கு வேறு. 2019 மே மாதம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. ஷோரூம் விலை 97,000 ரூபாய். 18.4 குதிரைசக்தி, ஏறத்தாழ 154 கிலோ. சக்தியைப் பார்த்துச் சிரித்தவர்கள், முன்னால் 21 அங்குல வீல், பின்னால் 18 அங்குலம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி இதையெல்லாம் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். பிறகு கம்பெனியே ஒரு ராலி கிட் விற்றது. முன் சஸ்பென்ஷன் 190-இலிருந்து 250 மில்லிமீட்டராகும். 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210, தண்ணீர் குளிர்ச்சி, 24.6 குதிரை என்று கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. எடையும் 168 கிலோ.

கவாஸாகியின் கே.எல்.எக்ஸ். 230 கதை சுவாரசியம். 2024 டிசம்பரில் 3.30 லட்சத்துக்கு வந்தது. வாங்க வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். 2025-இல் இங்கேயே செய்ய ஆரம்பித்ததும் விலை 1.99 லட்சத்துக்கு இறங்கியது. எடை 139 கிலோ. இந்த மூன்றாவது ரகத்தில் இதுதான் பஞ்சு. ஸீட் உயரம் 880 மில்லிமீட்டர் என்பதால் ஐந்தரை அடி ஆசாமிகள் சிக்னலில் ஒரு காலை மட்டும், அதுவும் நுனி விரலில், ஊன்றிப் பரதநாட்டியம் ஆட வேண்டியிருக்கும்.

கே.டி.எம். 390 எண்டுரோ ஆர், 2025 ஏப்ரலில் 3.37 லட்சத்துக்கு வந்தது. 46 குதிரை. பெட்ரோலோடு 177 கிலோ.

*

இந்தக் கடைசி எண்ணைப் பற்றி எங்கள் அக்கவுண்ட்ஸ் பையனோடு ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. ஒல்லியான பையன். அப்பா இல்லை. அம்மா, காலேஜ் படிக்கும் தங்கை. வீட்டில் ஒரே சம்பளம் அவனுடையது. நாலு வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த மூன்றரை லட்சம் பாங்கில் இருந்தது.

"சார், 390 எண்டுரோ புக் பண்ணப் போறேன். ரேஸ்ல நோவிஸ் கிளாஸ்ல இறங்கறேன். நாப்பத்தாறு குதிரை சார்!"

"எடை?"

"நூத்தி எழுபத்தேழு கிலோ."

"உன் எடை?"

"அம்பத்தெட்டு."

"அது கீழ விழுந்தா நீ தூக்கணும். நீ கீழ விழுந்தா அது உன்னைத் தூக்காது."

பையன் யோசித்தான். பைக்கைக் குறை சொல்லவில்லை. அது நல்ல குதிரைதான். ஏறத் தெரிந்தவனுக்கு. புதுசாக மண்ணில் இறங்குகிறவன் ஒரு ரேஸில் நாலைந்து தடவை விழுவது சர்வ சாதாரணம். மூன்றாவது தடவை தூக்கும்போதே கை நடுங்கும். அப்புறம் த்ராட்டிலைப் பிடிப்பது கையல்ல, பயம். அதிக சக்தி, அதிக எடை, நடுங்கும் கை மூன்றும் சேர்ந்தால் போய்ச்சேரும் இடம் எலும்பு டாக்டர். இவன் மூன்று மாதம் கட்டிலில் படுத்தால் தங்கைக்கு யார் ஃபீஸ் கட்டுவது?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றான். பாலிசிப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். இந்தியாவில் சாதாரண மோட்டார் பாலிசி எதுவும் பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது. விதிவிலக்குகள் பகுதியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். விபத்துக் காப்பீடுகளிலும் பல, ஆபத்தான விளையாட்டுகளை ஒதுக்கித்தான் வைத்திருக்கின்றன. ரேஸ் நடத்துகிறவர்கள் அன்றைய தினத்துக்கு என்ன இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு, பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும். பையன் அதுவரை அந்தப் பொடி எழுத்தைப் படித்ததில்லை. யார்தான் படிக்கிறோம்?

இரண்டு பேரும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். ராலி கிட்டோடு செகண்ட்ஹாண்ட் எக்ஸ்பல்ஸ் ஒன்று தொண்ணூறாயிரம். ஹெல்மெட், கண்ணாடி, முழங்கால் கவசம், மார்புக் கவசம், முழங்கால் வரை ஏறும் பூட்ஸ் எல்லாம் நாற்பதாயிரம். கிளட்ச் பிளேட், லீவர், டயர், செயின் வகையறாவுக்கு முப்பதாயிரம் ஒதுக்கீடு. பயிற்சிக்குக் கொஞ்சம். கோலார் பக்கத்தில், டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் ஆரம்பித்த பள்ளிக்கூடமே இருக்கிறது. எல்லாம் போக பாங்கில் பாதிக்கு மேல் மிச்சம். அம்மாவிடமும் சொல்லிவிட்டுச் செய் என்றேன். அதுதான் அவனுக்கு ரேஸை விடக் கஷ்டமாக இருந்தது.

போன சீசனில் இறங்கினான். பதினாறு பேரில் பதிமூன்றாவது.

"மூணு பேரை முந்திட்டேன் சார்!"

"பேஷ்!"

"ரெண்டு பேர் விழுந்து கெடந்தாங்க."

நாலு தடவை விழுந்தானாம். நாலு தடவையும் தானே தூக்கி நிறுத்தினானாம். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, லேசாகக் காலைத் தாங்கியபடி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டான்.

*

'இருபது குதிரையை வைத்துக்கொண்டு எங்கே சார் முன்னுக்கு வருவது?' என்று கேட்பவர்களுக்கு: உள்ளூர் போட்டிகளில் இந்திய பைக்குகளுக்குத் தனி வகுப்பு வைக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனும் உங்கள் மாதிரி மாதச் சம்பளக்காரன்தான். கற்றுக்கொண்டு, கை பழகி, லட்சங்களும் பழகின பிறகு ஆரஞ்சுக்கோ நீலத்துக்கோ போகலாம். ஷொரனூர்க்காரர் ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி-2 பிரிவை ஜெயித்தாரே, ஓசூர் டி.வி.எஸ். ஷெர்கோவோடு சேர்ந்து நடத்திய டீமில், அவரும் ஒரே நாளில் பாலைவனத்துக்குப் போய்விடவில்லை.

இன்னொரு விஷயம். பழக வேண்டும் என்று ஈ.சி.ஆரில் நள்ளிரவில் முறுக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு, பொது ரோட்டில் ரேஸ் விட்டால் ஜெயில் வரைக்கும் கூட்டிப் போகும். மண்ணில் விழுந்தால் எதிரே லாரி வராது. மண்ணில் பழகச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்த பிராண்ட்தான் நல்லது, ஒரே வரியில் சொல் என்கிறீர்களா? உங்கள் ஊரில் எந்தக் கம்பெனியின் கிளட்ச் லீவர் சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கிடைக்கிறதோ, அது. இன்னும் சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. நண்பனின் பைக்கை (சொந்த பைக் வேண்டாம், மனசு வலிக்கும்) மண்ணில் மெதுவாகப் படுக்க வையுங்கள். தனியாகத் தூக்கி நிறுத்துங்கள். மறுபடி படுக்க வையுங்கள். இப்படிப் பத்து தடவை.

பத்தாவது தடவையும் தூக்க முடிந்தால் அதுதான் உங்கள் பிராண்ட்.