கேழ்வரகோடு அவரையையும் வாங்குங்கள்

2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கேழ்வரகுக்கும் கம்புக்கும் கூடியிருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. தமிழ்நாடு அரசும் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, அதே ஆண்டு மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது. நல்ல முடிவுதான், ஆனால் பாதி முடிவு.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் புரதம் சுமார் 7 கிராம். தீட்டிய பச்சரிசியில் ஏறக்குறைய 8 கிராம். சுண்ணாம்புச் சத்தில் கேழ்வரகை அடித்துக்கொள்ள ஆளில்லை: 364 மில்லிகிராம். அரிசியில் அது பத்தைத் தாண்டாது. ஆக, அரிசியை எடுத்துவிட்டுக் கேழ்வரகை வைத்தால் எலும்புக்கு லாபம். புரதக் கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, மற்றத் தானியங்களைப் போலவே சிறுதானியங்களிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறுகளில் அது தாராளம். அவற்றில் குறைவாக உள்ள மெத்தியோனைன் சிறுதானியங்களிலிருந்து கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் உடல் அந்தப் புரதத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஒரே கவளத்தில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் உண்டால் போதும்.

முட்டையும் மீனும் தட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. அவற்றை அன்றாடம் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும், சைவம் மட்டுமே உண்ணும் வீட்டுக்கும் பருப்புதான் கதி.

தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களுக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அங்கே களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு. காய் வரும் காலத்தில், ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பில் குழம்பு. கொங்குப் பக்கம் கம்பஞ்சோற்றுக்குக் கொள்ளுப் பருப்பு. அடுப்படிக்கு வருமுன் வயலிலேயே இவை சேர்ந்துவிடுகின்றன. மானாவாரிக் கேழ்வரகுக்கு இடையில் சால் விட்டு அவரையோ துவரையோ விதைப்பார்கள். கேழ்வரகை அறுத்த பிறகும் அவை நின்று காய்க்கும். வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். மழை ஏமாற்றி ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றது வீட்டுச் சாப்பாட்டுக்காவது மிஞ்சும்.

அந்த வயலில் அரசு பார்ப்பது கேழ்வரகையும் துவரையையும் மட்டும். 2025-26-க்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,886, வாங்குவதற்கு நேரடிக் கொள்முதல் நிலையங்களும் உண்டு. துவரைக்கு ரூ.8,000. ஆனால் அவரை, கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவற்றுக்கு ஆதரவு விலைப் பட்டியலில் இடமே கிடையாது. வியாபாரி சொன்னதே விலை. இந்த நிலையில் ஊடுபயிரை விட்டுவிடும் விவசாயியை எப்படிக் குறை சொல்வது?

ரேஷன் கடையிலும் இதே கதைதான். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியங்களோடு நின்றுவிட்டது. பருப்பு அதன் உரிமைப் பட்டியலில் இல்லை. 2007 முதலே சிறப்புப் பொதுவிநியோகத் திட்டத்தில் பருப்பு கொடுத்துவரும் தமிழ்நாடு இந்த விஷயத்தில் பாராட்டுக்குரியது. ஆனாலும் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, ரூ.30. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலோ நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவில் 250 கிராம் தானியத்துக்கு 85 கிராம் பருப்பு என்கிறது. மாதத்துக்கு ஓர் ஆளுக்கே இரண்டரைக் கிலோ! நாலு பேர் வீட்டில் அட்டைப் பருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. பருப்பு தானியத்தைவிட விலை கூடியதுதான். ஆனால் உலகிலேயே அதிகம் பருப்பு விளைவிக்கும் நாடான இந்தியாதான் அதிகமாக இறக்குமதியும் செய்கிறது. துவரைக்குப் பதில் கனடாவிலிருந்து வந்த மஞ்சள் பருப்பைப் போட்ட மாதங்களை ரேஷன் வரிசையில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கப்பலில் வரும் பருப்புக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பென்னாகரத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் கொடுப்பதில் என்ன தடை? கொள்ளு பொதுவாகத் துவரையைவிட மலிவு என்பதையும் நிதித்துறை கவனிக்கட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சிறுதானிய-பருப்புக் கூட்டணி எல்லாச் சத்தையும் தந்துவிடாது. பி12 இதில் இல்லை. அதற்குப் பாலோ தயிரோ, அதுவும் தொடாதவர்களுக்கு மாத்திரையோ வேண்டும். இரும்புச் சத்தும் தானியத்தில் இருக்கிற அளவுக்கு உடலில் சேராது. ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது ஆகியவை அதைக் கூட்டும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபி கெடுக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இதெல்லாம் வெறும் சமையல் குறிப்பு என்று ஒதுக்கக்கூடியதல்ல.

அரசு செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. கேழ்வரகு வாங்கும் கொள்முதல் நிலையங்களிலேயே அவரையையும் கொள்ளையும் மாநில அரசு விலை அறிவித்து வாங்க வேண்டும். நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ கேழ்வரகோடு ஒரு கிலோ பயறு சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே தரும் துவரையில் கைவைக்காமல். பள்ளிகளின் காலை உணவுத் திட்டத்தில் வாரம் ஒரு நாள் ரவை உப்புமாவுக்குப் பதில் கம்பும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல் வரட்டும். அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே இவற்றுக்கு நிதி ஒதுக்க வேண்டும்.