சிக்னல் எந்தத் தெருவில் நிற்கிறது?

எங்கள் காலனியில் யாருக்காவது அவசரமாகப் பேச வேண்டுமென்றால் குடிநீர்த் தொட்டியின் படியில் ஏறுவார்கள். பாதிப் படியில் ஒரு கோடு வரும், உச்சியில் இரண்டு. இதை நாங்கள் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், கல்லூரியில் சேர்ந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு உட்கார்ந்த அந்தச் சாயங்காலம் வரைக்கும்.

ஆதார் ஓடிபி பத்து நிமிடம்தான் செல்லும். வீட்டில் கிடைக்கவில்லை. ஊர்த்தெரு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அங்கே நாலு கோடும் நிற்கும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். "காலனிப் பொண்ணுக்கு இங்க நின்னு என்ன போனு?" என்றார் ஒருவர். திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் டவுனுக்குப் பஸ் ஏறிப்போய்த்தான் விண்ணப்பத்தை முடித்தோம்.

நான் தமிழ் படித்தவன், அலைவரிசை படித்தவன் அல்ல. அதற்குப் பிறகு நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் நம் கையிலிருக்கும் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். ஏரோபிளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுத்தால் போன் புதிதாகக் கோபுரத்தைத் தேடும். 5ஜி மெலிதாக வரும் இடத்தில் போன் அதற்கும் 4ஜிக்கும் இடையே தாவித் தாவிப் பேச்சை அறுக்கும். செட்டிங்கில் 4ஜியை மட்டும் வைத்துப் பாருங்கள். சில நிறுவனங்களுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மில் பேச போனில் வோல்ட்டி வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே அலை அடிபடும், வாசலுக்கு வந்தால் மாறும். நிறுவனத்தை மாற்ற நினைப்பவர்கள், அக்கம்பக்கத்தாரின் வேறு வேறு சிம்களை உங்கள் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது குற்றம். பக்கத்தில் இருப்பவர்களின் சிக்னலையும் கெடுக்கும்.

இத்தனையும் செய்தோம். தொட்டிப்படி தொட்டிப்படியாகவே இருந்தது. காரணம் போனில் இல்லை, மண்ணில் இருந்தது. ஊர் மேட்டில் இருக்கிறது, நாங்கள் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறோம். எங்கள் பாட்டன் முப்பாட்டனைப் பள்ளத்தில் குடிவைத்தது யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோபுரம் ஊருக்கு அந்தப் பக்கம். நடுவில் ஏரிக்கரை, கரை நெடுக மரம். ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் முதலில் வருவது எங்கள் தெருவுக்கு. அலை மட்டும் வராது.

198க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். இரண்டு நாளில் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் கிராமத்தில் எங்கள் சேவை உள்ளது, புகார் முடிக்கப்பட்டது. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். கிராமத்தில் சேவை இருக்கிறது. சேரியில்தான் இல்லை. ஒன்றிய அரசு 2022 ஜூலையில், சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நல்ல திட்டம். ஆனால் கணக்கு கிராமக் கணக்கு. ஊர்த்தெருவில் சிக்னல் இருந்தால் அந்தக் கிராமம் எட்டிய கிராமம். காலனிக்குத் தனிப்பெயர் வைத்துத் தனியே ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, எண்ணும்போது மட்டும் நாம் ஊரோடு ஒன்று.

ஓடிபியோடு போகிற சங்கதியும் இல்லை இது. வன்கொடுமைப் புகாருக்கு 14566 என்ற இலவச எண் இருக்கிறது. இரவில் தெருவுக்குள் கல் வந்து விழும்போது அதை அழைக்க உங்கள் சிம்முக்குச் சிக்னல் வேண்டும். 112 அப்படியல்ல. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் அது போகும். ஆகவே அந்த நேரத்தில் முதலில் 112. வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணில் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 பக்கம் என்றால் நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டி 115, 120 என்று போனால் பேச்சு அறுபடும். உங்கள் காலனியில் வீடு வீடாக அதைப் பார்த்து, தேதி, நேரம், சிம் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். ஊர்த்தெருவிலும் நாலு இடத்தில் எடுங்கள்; ஒருத்தராய்ப் போகாமல் சேர்ந்து போங்கள். எங்கெங்கே சேவை இருக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2024இல் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. அதில் உங்கள் தெரு வண்ணம் பூசிக் கிடந்தால், அதையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்.

198இல் தரும் புகார் எண்ணை விடாதீர்கள். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கிராமசபையில் தீர்மானமாகக் கேளுங்கள். தீர்மானத்தில் கிராமத்தின் பெயரோடு நிற்காமல் காலனியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் "எல்லாம் ஒண்ணுதானே" என்பார். எங்களிடமும் சொன்னார். அரை மணி நேரம் உட்கார்ந்து எழுத வைத்தோம்.

எங்கள் நோட்டில் 41 வீடுகள் இருக்கின்றன. ஊர்த்தெருவில் மைனஸ் 84, எங்கள் கடைசி வீட்டில் மைனஸ் 119. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நகல் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம். எண்களை வீடு வீடாக எடுத்து எழுதியது, பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்த அந்தப் பெண்தான்.