சொந்தக் காசில் சூனியம்: டிஃபரன்ஷியல் மூடி மாற்றும் மோகம்

அமெரிக்காவில் பிக்கப் ட்ரக் வைத்திருப்பவர்களிடம் ஒரு மோகம் உண்டு. புது வண்டி வீட்டுக்கு வந்து சில மாதம்கூட ஆகியிருக்காது. பின் அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியலின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள். தகட்டை அழுத்திச் செய்த தொழிற்சாலை மூடி பழைய இரும்புக்குப் போகும். அதன் இடத்தில், பைக் இஞ்சினில் பார்ப்பதுபோல் வரிவரியாக ஃபின் வைத்த, கறுப்பு பூசிய, செய்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்த கனமான அலுமினிய மூடி உட்காரும். விலை சில நூறு டாலர்.

ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டால் மூன்று காரணங்கள் தயாராக இருக்கும். அலுமினியம் வெப்பத்தை வேகமாக வெளியேற்றும். புது மூடி பெரியது, அதிக ஆயில் பிடிக்கும். தகடு மூடி பலவீனமானது. கேட்க மூன்றுமே நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்றுமே பாதி உண்மை. சந்தையில் முழுப் பொய்யைவிடப் பாதி உண்மைதான் நன்றாக விலைபோகும்!

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட்டு, இரண்டுக்கும் இஞ்சினின் விசையைப் பிரித்துக் கொடுப்பதே டிஃபரன்ஷியலின் வேலை. முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம். அது சுழற்றுவது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம். பினியன் கிரவுன் வீலின் மையத்துக்குச் சற்றுக் கீழே பொருந்துவதால் இதை ஹைப்பாய்டு அமைப்பு என்கிறார்கள். 1920களின் பிற்பாதியில் பேக்கார்டு கார்களில் வந்து பரவிய முறை இது. இதில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை, கடும் அழுத்தத்தில் வழுக்கித் தேய்க்கவும் செய்கின்றன. சாதாரண இஞ்சின் ஆயில் இதைத் தாங்காது. கந்தகமும் பாஸ்பரசும் கலந்த ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டும். அந்த ஆயிலின் நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆவது இதனால்தான்.

சரி, இந்த ஆயிலை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவது யார்? இஞ்சினில் இருப்பதுபோல இங்கே தனியாக ஆயில் பம்ப் கிடையாது. கிரவுன் வீலே பம்ப். அதன் அடிப்பகுதி ஆயிலில் முங்கியிருக்கும். வண்டி முன்னோக்கி ஓடும்போது பற்கள் ஆயிலை அள்ளிக்கொண்டு பின்பக்கமாக மேலே ஏறும். மூடியின் உட்பக்க வளைவை ஒட்டியபடியே ஆயில் மேலே போய், கிரவுன் வீலின் தலைக்கு மேலாக முன்னால் பாய்ந்து, பினியன் பேரிங்குகளில் விழும். ஒரு பங்கு பக்கவாட்டுக் குழாய்களுக்குள் போகும். கனரக பிக்கப்களின் ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சுகளில் சக்கர பேரிங்குகளுக்கும் இந்த ஆயில்தான் சாப்பாடு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தொழிற்சாலை மூடி ஏன் கிண்ணம்போல வளைந்திருக்கிறது? தகடு மலிவு என்பதால் மட்டுமா? அந்த வளைவுதான் பம்பின் சுவர். அதை வெறும் மூடி என்று நினைப்பவர்தான் அந்த இடத்தில் ஒரு பெட்டியை மாட்டுகிறார். கடையில் கிடைக்கும் ஆடம்பர மூடிகளில் பல, முதுகு தட்டையாகவும் மூலைகள் கூர்மையாகவும் இருப்பவை. பார்க்க முரட்டுத்தனமாக, அழகாக இருக்கும். உள்ளே வேகமாக வரும் ஆயில் தட்டைச் சுவரில் மோதிச் சிதறும், திரும்பி கிரவுன் வீல் மேலேயே விழும், காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த ஆயில் பற்களுக்கு நடுவே போதுமான படலமாக நிற்காது. வெப்பத்தையும் ஒழுங்காகக் கடத்தாது. தலைக்கு மேலாக முன்னால் போக வேண்டிய ஓட்டம் குறைந்தால் பினியன் பேரிங் பட்டினி கிடக்கும்.

2010களின் இறுதியில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கேல் பேங்க்ஸ் இதைச் சோதித்து வீடியோக்களாகவே வெளியிட்டார். டீசல் பிக்கப்களுக்குப் பாகங்கள் செய்வதில் பெயர் பெற்றவர். தட்டை முதுகு மூடிகள் ஆயில் ஓட்டத்தைக் கெடுக்கின்றன, வளைந்த மூடியே சரி என்பது அவர் முடிவு. அவரும் மூடி விற்பவர்தான், அவருடைய மூடியும் வளைந்ததுதான்! ஆகவே அவர் சொல்வதிலும் கொஞ்சம் உப்பைக் குறைத்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் இதை நம்ப அவருடைய சாட்சி அவசியமில்லை. சில ராம் கனரக பிக்கப்களுக்குத் தொழிற்சாலையே ஃபின் வைத்த அலுமினிய மூடியைப் போட்டு அனுப்பியிருக்கிறது. அதன் உட்புறமும் வளைவுதான்.

அடுத்து வெப்பம். அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதில் தவறில்லை. ஆனால் ஆயிலின் வெப்பம் வெளியே போகும் வழியில் சில மில்லிமீட்டர் உலோகம் பெரிய தடையே அல்ல. உலோகத்திலிருந்து காற்றுக்குப் போவதுதான் கடினமான கட்டம். ஃபின்கள் அதற்கு உதவும், காற்று அவற்றின் மேல் ஓடினால்! மூடியோ அச்சின் பின்பக்கம் இருக்கிறது. எதிர்க்காற்று மோதுவது அச்சின் முன்பக்கத்தில். மூடி அந்த மறைவில்தான் கிடக்கிறது.

இதை மறுக்க, லேசர் புள்ளி அடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டுவார்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அந்தக் கருவியைப் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். பளபளப்பான உலோகம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாக வெளியிடுவதுதான் காரணம். பெயின்ட் அடித்த பழைய மூடியில் ஓர் அளவு, பளபளக்கும் புது மூடியில் ஓர் அளவு எடுத்து, "பார், இத்தனை டிகிரி குறைந்துவிட்டது" என்பது ஒப்பீடே அல்ல. அளக்க வேண்டியது உள்ளே இருக்கும் ஆயிலை.

அதிக ஆயில் என்ற வாதம் இன்னும் வேடிக்கையானது. பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க நேரமாகும், ஆனால் கொதிக்காமல் இருந்துவிடாது. ஆயில் அதிகமானால் சூடேற நேரமாகும், அவ்வளவுதான். ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் மேடு ஏறும் வண்டிக்கு அந்த ஆரம்ப நிமிடங்கள் எதற்கு உதவும்? அதைவிட மோசம், சில மூடிகளில் ஆயில் ஊற்றும் துளை பழைய மட்டத்தைவிட உயரத்தில் இருக்கும். அதுவரை ஊற்றினால் கிரவுன் வீல் ஆயிலில் ஆழமாக முங்கிக் கடையும். கடைவதே வெப்பம். மிஞ்சிய ஆயில் ப்ரீதர் வழியாகக் கக்கும், அல்லது சீலைத் தாண்டி பிரேக்குக்குப் போகும். மூன்று டன் ட்ரெய்லரோடு இறக்கத்தில் வரும் வண்டியின் பிரேக்கில் கியர் ஆயில் என்றால், அது அழகு பற்றிய பேச்சு இல்லை, உயிர் பற்றிய பேச்சு.

பலம்? பாறைமேல் ஏறி இறங்குபவர்களுக்குத் தகடு மூடி நசுங்கும் என்பது உண்மை. தடித்த இரும்பு மூடி அவர்களுக்கு நியாயமான செலவு. பந்தய வண்டிகளில், பேரிங் தொப்பிகளை முட்டுக்கொடுத்துத் தாங்கும் போல்ட்டுகள் உள்ள மூடிகளுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் மளிகைக்கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் பிக்கப் எந்தப் பாறைமேல் ஏறுகிறது? 1957ல் வந்த ஃபோர்டின் 9 அங்குல அச்சை இன்றுவரை பந்தயக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கழற்றும் பின்மூடியே அதற்குக் கிடையாது! பல்சக்கரத் தொகுதி முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வரும்.

"என் வண்டியில் மாற்றி ஒரு லட்சம் மைல் ஓடிவிட்டது, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். தொழிற்சாலை மூடியோடு இரண்டு லட்சம் மைல் ஓடிய வண்டிகள் தெருவெங்கும் நிற்கின்றன. ஒன்றும் ஆகவில்லை என்பது புது மூடிக்குச் சாதகமான சாட்சி என்றால், பழைய மூடிக்கும் அதே சாட்சி செல்லும். அப்படியானால் அந்தச் சில நூறு டாலர் எதற்கு?

இத்தனைக்கும் டிஃபரன்ஷியலை உண்மையிலேயே காப்பாற்றும் வேலைகள் மலிவானவை. பாரம் இழுக்கும் வண்டிக்குக் கையேடு சொல்லும் காலத்தில், சொல்லும் தரத்தில் ஆயில் மாற்றுவது. அடைத்த ப்ரீதரைச் சுத்தம் செய்வது. படகை இறக்கச் சூடான அச்சைக் குளிர்ந்த நீரில் முக்கியவர், ஆயில் பால்போல வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது. காந்தத்தில் ஒட்டியிருப்பது மெல்லிய பொடியா, உடைந்த பல்லின் துணுக்கா என்று கவனிப்பது. பல தொழிற்சாலை மூடிகளில் ஆயில் வடிக்கும் துளை இல்லாதது நிஜமான குறை. அதற்காக மூடி மாற்றுபவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்க்க வேண்டியது இரண்டே: உட்புறம் வளைந்திருக்கிறதா, ஊற்றும் துளை பழைய மட்டத்திலேயே இருக்கிறதா.

மற்றபடி துடைப்பக்கட்டைக்குப் பட்டுக் குஞ்சம் கட்டுவது அவரவர் விருப்பம். துடைப்பத்துக்குக் கட்டினால் துடைப்பம் கெடாது. டிஃபரன்ஷியலுக்குக் கட்டினால் பினியன் பேரிங் கெடும். ஓடும் வேகத்தில் அது இறுகினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வண்டிக்குள் குடும்பம் உட்கார்ந்திருக்கும். அப்போது மூடியில் பொறித்த பெயரைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.