தோற்காமலே கீழிறங்கிய அணி

இடைசெவலில் இருந்துகொண்டு கால்பந்தைப் பற்றி எழுத வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் என்றே இலக்கிய வாசகர்கள் இவ்வூரை அறிவார்கள். பக்கத்திலுள்ள கோவில்பட்டியின் பெயரைச் சொன்னால் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். விவரம் தெரிந்தவர்களுக்கு ஹாக்கியும் வரும். கால்பந்து எங்கள் கரிசலின் ஆட்டமன்று. ஆயினும் ஒரு கால்பந்துக் கழகத்தின் கதை சில ஆண்டுகளாக நம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது என்று தோன்றுகிறது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் முதல்நாள் இரவே கோவைக்குப் பேருந்து ஏறிவிட்டார். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தபோது அவருக்குக் குரலே இல்லை. அந்தச் சனிக்கிழமை மாலை கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியிருந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கிய அணி அது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் அணி ஆடிக்கொண்டிருந்தது. இங்கே தவறினால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்ஸி ஒரு பெனால்டியைக் கோலாக்கினார். தற்காப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். இருபது ஆட்டங்களின் முடிவில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி.

இந்த வெற்றியின் அருமை புரிய வேண்டுமானால் அணியின் முன்கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2016-17 பருவத்தில்தான் சென்னை சிட்டி ஐ-லீகில் சேர்க்கப்பட்டது. முதல் பருவத்தைச் சென்னையில் ஆடிவிட்டு அடுத்த பருவத்தில் கோவைக்கு இடம்பெயர்ந்தது. பெயர் சென்னை, வீடு கோவை. அந்த இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே கிடந்தது. மூன்றாம் பருவத்தில் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டியோ முதலிய ஸ்பானியர்களும், எட்வின் வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்களும் சேர்ந்து ஆடினார்கள். மான்ஸி மட்டும் அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். ஸ்விட்சர்லாந்தின் பாஸல் கழகம் அந்த ஆண்டு 26 விழுக்காடு பங்கை வாங்கிக்கொண்டு கூட்டாளியாக வந்தது. இனி எல்லாம் ஏறுமுகம்தான் என்று நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பட்டம் வென்ற அதே 2019ஆம் ஆண்டில் வேறொரு தீர்மானம் நடந்தேறியது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்தான் இனி நாட்டின் முதல் லீக் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு முடிவு செய்யப்பட்டது. ஐ-லீக் அதற்கு அடுத்த படி ஆயிற்று. அடுத்த பருவத்துப் பந்து உருளத் தொடங்கும் முன்னரே, நடப்புச் சாம்பியன் இரண்டாம் தரத்து அணி ஆகிவிட்டது. விளையாட்டில் கீழிறக்கம் என்பது புதிதன்று; தோற்பவர்கள் இறங்குவார்கள், அதில் ஒரு நியாயம் உண்டு. வென்றவர்கள் இறக்கப்பட்டதுதான் இங்கே நடந்தது.

அதன் பிறகு எல்லாம் சரிவுதான். வான்ஸ்பால் சூப்பர் லீகின் சென்னையின் அணிக்குப் போனார். மான்ஸி ஜப்பானுக்குப் போனார். 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். மார்ச் மாதம் ஆசியக் கோப்பைக் கழகப் போட்டியில் மாலத்தீவின் மாஸியா அணியோடு 2-2 என்று சமன் செய்தார்கள். அந்த 'உள்ளூர்' ஆட்டம் நடந்த இடம் எது தெரியுமா? அகமதாபாத். தமிழ்நாட்டின் சாம்பியன் தன் வீட்டு ஆட்டத்தைக் குஜராத்தில் ஆடியது. கொரோனா வந்து அந்தப் போட்டியே கைவிடப்பட்டது. 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. 2023இல்தான் ஐ-லீக் சாம்பியன் சூப்பர் லீகுக்கு ஏறிப்போகும் வழி திறந்தது. பஞ்சாப் கழகம் அப்படி ஏறிற்று, மறு ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறிற்று. கதவு திறந்தபோது வாசலில் நிற்கச் சென்னை சிட்டி உயிரோடு இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கூத்தன்று. மெக்சிகோவின் மொரேலியா நகரக் கழகம் 1950இல் தோன்றியது. 1996இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அதை வாங்கியது. 2000ஆம் ஆண்டுக் குளிர்காலப் பருவத்தில் தொலூக்கா அணியைப் பெனால்டி உதைகளில் வென்று முதற்பிரிவுச் சாம்பியன் ஆயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 2020இல், உரிமையாளர்கள் அந்த முதற்பிரிவு இடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு மஸட்லான் என்ற கடற்கரை நகருக்குப் போய்விட்டார்கள். மொரேலியா மக்களுக்குப் பின்னர் இரண்டாம் பிரிவில் ஓர் அணி கிடைத்தது. அந்த இடம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஸகட்டெபெக் என்ற கரும்பாலைச் சிற்றூரின் அணியைப் பெயர்த்து இங்கே நட்டார்கள். பெரிய ஊரின் இழப்பைச் சின்ன ஊர் ஈடுகட்டியது. அதே ஆண்டில் மெக்சிகோவும் பிரிவுகளுக்கிடையிலான ஏற்றத்தையும் இறக்கத்தையும் நிறுத்திவைத்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லிவிடுவோம். கோடிக்கணக்கில் முதலீடு செய்பவர், ஒரு மோசமான பருவத்தால் எல்லாவற்றையும் இழக்க நேரும் என்றால் முதலிடுவாரா என்று கேட்கிறார்கள். கேள்வியில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் மானாவாரிப் புஞ்சையில் விதைக்கிற எங்கள் சம்சாரிக்கு மழை வரும் என்று எவரும் எழுதிக் கொடுத்ததில்லை. பொய்த்தால் இழப்பான், பெய்தால் விளையும். இழப்பை முழுவதுமாக ஒழித்த ஏற்பாடு, கீழே இருப்பவனின் விளைச்சலையும் சேர்த்தே ஒழித்துவிடுகிறது. இறங்காத மேல்தட்டு இருக்கும் இடத்தில் கீழ்த்தட்டில் ஆடுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

சிற்றிதழ்களை வாசித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சாவு பழக்கமானதுதான். நன்றாக வந்துகொண்டிருந்த இதழ் திடீரென்று நின்றுபோகும். ஆனால் இதழ் நின்றாலும் பழைய பிரதிகள் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். ஒருநாள் எவராவது எடுத்துத் தொகுப்பாக்குவார்கள். கால்பந்துக் கழகத்துக்குப் பரண் கிடையாது. அதன் பரண் மைதானமும், அடுத்து வரும் பையன்களும்தான். உரிமமும் உரிமையாளரும் மட்டுமே கழகம் என்றாகும்போது, உரிமம் போனால் எல்லாம் போய்விடுகிறது.

இங்கேதான் கோவில்பட்டி ஹாக்கி நமக்கு நினைவுக்கு வருகிறது. பல காலமாக இவ்வூரில் சிறு சிறு ஹாக்கிக் கழகங்கள் மண்தரையிலேயே ஆடிவந்தன. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்குக் கோடை வெயிலில் ஊரே திரண்டது. செயற்கைப் புல்தரை வந்தது 2017இல்தான். 2022 மே மாதம் ஜூனியர் ஆடவர் தேசியப் போட்டி இங்கே நடந்தது. அதே ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் இருந்தார்கள். இதை மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. புல்தரை அரசு போட்டது. நன்றாக ஆடுகிற பையன் வேலை தேடி வெளியூர் போகத்தான் செய்கிறான். ஆனாலும் ஓர் உரிமையாளர் மனம் மாறினார் என்பதற்காகக் கோவில்பட்டியில் ஹாக்கி நின்றுபோகாது. அது எவர் பெயரிலும் பதிவான சொத்தன்று.

ஆகவே நம் கருத்து இதுதான். ஒரு கழகத்தை முதல் லீகில் சேர்ப்பதற்கு முன் அதன் வங்கிக் கணக்கைப் பார்ப்பது போலவே, அந்த ஊரில் அதற்கு எத்தனை சிறுவர் அணிகள் இருக்கின்றன, நாளை உரிமையாளர் விலகினால் எவர் கையில் அது நிற்கும் என்றும் பார்க்க வேண்டும். ஏணி வைத்தால் இருபுறமும் வைக்க வேண்டும், ஏறவும் இறங்கவும்.

அந்த மாணவர் இப்போது ஆசிரியராக இருக்கிறார். "ஐயா, நான் இனிமேல் எந்த அணியை ஆதரிப்பது?" என்று ஒருமுறை கேட்டார். சென்னையின் அணியைச் சொல்லலாமே என்றோம். சிரித்துவிட்டு, "அது நல்ல அணிதான். ஆனால் நான் கோவைக்குப் பஸ் ஏறியது அதற்காக இல்லையே" என்றார். நம்மிடம் பதில் இல்லை.