காலாவதியானது கணினியல்ல

தருமபுரி மாவட்டத்தின் காலனி வீடுகளில் பீரோவின் மேலேயோ கட்டிலுக்கு அடியிலோ முதலமைச்சர் படம் போட்ட பை ஒன்றை இன்றும் பார்க்கலாம். உள்ளே அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கும். அந்த வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்குக் கிடைத்தது அது. அக்கா படித்து முடித்தாள், பிறகு தம்பிக்கு வந்தது, இப்போது சித்தி மகளிடம் இருக்கிறது. பேட்டரி போய் வெகுநாளாயிற்று. சார்ஜரைச் செருகியபடியே ஓடுகிறது. ஆனாலும் ஓடுகிறது.

ஓடுகிற அந்தப் பெட்டியைத்தான் இப்போது காலாவதி என்கிறார்கள். 2015இல் வந்த விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதனால் மறுநாளே கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இனி ஆள் இல்லை. மற்ற மென்பொருள்களும் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். விண்டோஸ் 7க்கு நடந்ததைப் பார்த்தோம். 2020 ஜனவரியில் ஆதரவு நின்றது. 2023இல் குரோம் உலாவியும் கைவிட்டது. அதன்பிறகு சாதிச் சான்றிதழுக்கோ கல்வி உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும் பக்கம் ஒழுங்காகத் திறக்காவிட்டால், நம் பிள்ளை கூலியை விட்டுவிட்டு அரூருக்கோ பென்னாகரத்துக்கோ பஸ் ஏற வேண்டும்.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்பார்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். 2018க்கு முந்தைய கணினிகளில் பெரும்பாலானவை இங்கேயே கழிந்துவிடும். பெட்டி பழுதாகவில்லை, தேயவும் இல்லை. அதற்குத் 'தகுதி' இல்லையாம். இந்தச் சொல்லை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். அந்தத் தகுதியை வகுத்தது யார், அதனால் லாபம் யாருக்கு என்று திருப்பிக் கேட்பதும் நமக்குப் பழக்கம்தான்.

இந்த ஒரு முடிவால் உலகெங்கும் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இலேயே கணித்தது. அந்தக் குப்பை எங்கே போகும்? டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில், கையுறை இல்லாத கைகள் பலகைகளைப் பிரித்து, கம்பிகளை எரித்துச் செம்பு எடுக்கின்றன. அவை ஏழை முஸ்லிம்களின், தலித்துகளின் கைகள். நகரம் புதுக் கணினி வாங்கும். பழையதன் நஞ்சை யார் சுமப்பது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருக்கும்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. தமிழ்நாட்டுக்கு அது புதிதும் அல்ல. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்காட்டியவர் உமாசங்கர். தலித் சமூகத்திலிருந்து வந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரை 2010இல், போலிச் சாதிச் சான்றிதழ் கொடுத்தார் என்று குற்றம்சாட்டி அரசு இடைநீக்கம் செய்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில வாரங்களில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு தமிழ்நாடு அரசே அறிவுறுத்தியது. சி-டாக் உருவாக்கிய, இந்திய அரசின் இயங்குதளம் அது.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் அது என்ன, எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கடைக்குக் கொண்டுபோனால், அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்தார்கள். கருவி கைக்கு வந்தது. அதை ஆளும் அறிவு வரவில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிக் கணினிகளை லினக்ஸில் ஓடவைத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று ஆட்சிக்கு வந்த இரு கட்சிகளையும் கேட்க வேண்டும்.

கேட்டுக்கொண்டே நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. பெங்களூருவுக்குப் போய் உழைத்து வாங்கிய பொருட்களோடு பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும் எரிந்தன. அதைக் கண்ட மாவட்டத்தில் ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பது அறிவல்ல. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பட்டா எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பென்டிரைவிலும் டிஜிலாக்கர் போன்ற இணையச் சேமிப்பிலும் வையுங்கள். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும்.

அடுத்து, உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியில் பாருங்கள். ஏற்றால் இலவசமாக மாறிக்கொள்ளலாம். ஏற்காத கணினியில் குறுக்குவழியில் ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லலாம். அதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

கொஞ்சம் அவகாசம் வேண்டுமா? விண்டோஸ் 10க்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. அப்படிச் சம்மதிக்காதவர்களுக்கு 30 டாலர். ஏழை தன் விவரத்தைக் கொடுத்துப் பெற வேண்டிய ஒரு வருடத் தவணை இது. பரீட்சை நெருங்கியவர்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தீர்வு என்று நம்பிவிடாதீர்கள்.

நிலையான வழி லினக்ஸ்தான். 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். 2 ஜிபிதான் என்றால் லுபுன்டு அல்லது ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவானதைப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவில் அதை எழுதி, கணினியில் எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸ் வேர்டு கோப்புகளைத் திறக்கும். வேலைக்கு விண்ணப்பிக்க, பாடம் பார்க்க, தரவுத்தாளில் கணக்குப் போட, நிரல் எழுதக் கற்க இது போதும்.

இதில் முடியாததும் உண்டு. டேலி கற்பவருக்கும் ஃபோட்டோஷாப்பில் ஃபிளெக்ஸ் வடிவமைக்கும் தம்பிக்கும் லினக்ஸ் மட்டும் போதாது. அவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, இணையத்துக்கு லினக்ஸையும் அந்த வேலைக்கு மட்டும் இணைப்பில்லாத விண்டோஸையும் பயன்படுத்தலாம். உண்மையிலேயே செத்துப்போன பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பியுங்கள்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது நிவாரணம் அல்ல, உரிமை. கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கணினிகள் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் பழைய 50 லட்சத்துக்கு யார் பொறுப்பு? ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு நூலகத்தில், மாதம் ஒரு நாள், பழைய மடிக்கணினிகளை இலவசமாகப் பழுது பார்த்து லினக்ஸ் நிறுவிக் கொடுக்கட்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் அந்தப் பயிற்சி தொடங்கட்டும். அரசு இணையதளங்கள் எல்லாம் எந்த இயங்குதளத்திலும் திறக்கட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஊருக்கு ஊர் அம்பேத்கர் மன்றமும் படிப்பகமும் வைத்திருக்கிறோம். கணினி படித்துவிட்டுப் பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் தோழர்களே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு பென்டிரைவோடு வாருங்கள். ஒரு பெட்டியை நீங்கள் சரிசெய்து கொடுங்கள். இரண்டாவதைப் பதினோராம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவதற்கு நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள்.