தியாகதுருகத்தில் டியூலிப்

படத்தைப் பார்த்து மயங்கி, ஒரு மார்கழியில் ஆறு டியூலிப் கிழங்கு வாங்கினேன். மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும் ஊர் தியாகதுருகம். மாடித் தொட்டியில் நட்டேன். இலை வந்தது. நடுவே நாலு விரல்கடை உயரத்தில் மொட்டு ஒன்று காகிதம்போல் காய்ந்து நின்றது.

விற்றவரைத் திட்டினேன். தப்பு அவர்மேல் இல்லை. மீதமிருந்த ஒரு கிழங்கை நெடுக்காக அரிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெங்காயம் போலவே அடுக்கடுக்காகச் சதை. அதன் நடுவில் துளியூண்டு மொட்டு. நடுவதற்கு முன்பே பூ உள்ளே தயாராகிவிடுகிறது. அதைத் தூக்கி நிறுத்தும் தண்டு நீளத்தான் குளிர் வேண்டும்: சுமார் 9 டிகிரிக்குக் கீழே, 12 முதல் 16 வாரம். ஸ்ரீநகரில் அது தானாக நடக்கிறது. இங்கே, பக்கத்துக் கல்வராயன் மலைமேல் மார்கழி இரவு எவ்வளவு சிலிர்த்தாலும் பகல் வெயில் அதைக் கலைத்துவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்துக் கிழங்கை ஏமாற்றலாம். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கும். இத்தனை பாடுபட்டாலும் பூப்பது ஒரு முறைதான். அடுத்த ஆண்டுக்குச் சத்து சேர்ப்பதற்குள் கோடை இலையைத் தின்றுவிடும். எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

அமரில்லிஸும், பந்துபோல் சிவந்து எழும் மே பூவும் குளிரைக் கேட்பதில்லை. வறட்சி வந்தால் தூங்கும், தண்ணீர் பட்டால் விழிக்கும். நம் கோடை மழைக்கென்றே அளவெடுத்த சுபாவம்.

அமரில்லிஸ் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியட்டும். கழுத்தைப் புதைத்தால் அழுகும். செம்மண்ணோடு மணலும் மக்கிய தொழுவுரமும் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். தை பிறந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். பச்சை இலையை அழகுக்காக வெட்ட வேண்டாம். பூவுக்கான சோறு அதில்தான் வேகிறது. தானாகப் பழுத்து விழட்டும். மாசிக் கடைசியில் ஒருமுறை நன்றாக நனையுங்கள். மூக்கு எட்டிப் பார்த்த பிறகு வழக்கமான தண்ணீர்.

பிடுங்கிய கிழங்கை வெங்காயக் கூடைப் பக்கம் வைக்கவே கூடாது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு.

மே பூத் தொட்டி நாலைந்து மாதம் வெறுமையாகக் கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று வீட்டில் யாராவது கொத்தமல்லி விதைத்துவிடுவார்கள். அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.